பச்சைத்தண்ணிக்கு எவ்வளவு உரம்?

நுண்பாசிக் குளத்தைப் பார்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் எண்ணெய் இருக்கு?" என்றுதான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்பார்கள், பணம் போட வந்தவர்கள் கேட்பார்கள், செம்பனை ஆலை மேனேஜர்களும் கேட்பார்கள். பர்சன்ட் கிடக்கட்டும், குளத்துக்கு என்ன தீனி போடுகிறோம், எந்த நாளில் அதை நிறுத்துகிறோம் என்று கேளுங்கள் என்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பச்சைத்தண்ணியோடு இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, பாசியின் எண்ணெய்க் கணக்கு முழுவதும் அந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்பதே.

எண்ணெய் என்றால் எங்கள் பக்கம் செம்பனைதான். மலேசியாவில் எங்கள் ஊரான ஜெஞ்சாரோமிலிருந்து எந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பினாலும் சற்று நேரத்தில் தோட்டம் வந்துவிடும். ஒரு பக்கம் பந்திங், இன்னொரு பக்கம் தெலுக் பங்லிமா காராங், ஆற்றுக்கு அப்பால் கேரித்தீவு. அம்மா தோட்டத்தில் உரம் போடும் கும்பலில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓலையைப் பார்த்தே மரத்துக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். மொத்தமும் வெளிறிக் கிடந்தால் தழைச்சத்து இல்லை. ஆரஞ்சுப் புள்ளி விழுந்திருந்தால் சாம்பல்சத்து. அடி ஓலை மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம். பயிர் தன் பசியை நிறத்தில் காட்டும் என்பதை நான் கற்றது அவரிடம்தான். பிறகு பாசிக்கு வந்தபோது அந்தப் பாடம் அப்படியே கைகொடுத்தது. செடியானாலும் ஒற்றைச் செல் பாசியானாலும் தழைச்சத்து குறைந்தால் முதலில் பச்சையம்தான் போகிறது.

எண்பதுகளின் கடைசியில் கடலோரத்தில் ஓர் இறால் குஞ்சுப்பண்ணையில் பாசி அறைக்கு ஆள் எடுத்தார்கள். கருப்புப் புலி இறால் பெரிய பணம் பார்த்த காலம். இறால் முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் கட்டத்தில் தன் உடம்பிலுள்ள மஞ்சள்கருவிலேயே வாழும். அடுத்த கட்டத்துக்கு மாறியதும் வாய் திறந்து தின்னத் தொடங்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் கீட்டோசெராஸ் என்ற டயாட்டம் வகைப் பாசி போதிய அளவு இல்லாவிட்டால் ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடும். ஆகவே பாசி அறைதான் பண்ணையின் சமையலறை. குளிரூட்டிய அறையில் டியூப்லைட் வரிசைக்கு முன்னால் சின்னக் குடுவைகள், அதிலிருந்து 2 லிட்டர், 20 லிட்டர் ஜாடி, கடைசியில் வெளியே 1 டன் தொட்டி என்று படிப்படியாகப் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். எங்கேயாவது ஒரு படியில் பிசகினால் அடுத்த வாரக் குஞ்சுகளுக்குத் தீனி இல்லை.

தீனிக்கான உரக்கலவையை எஃப்-பை-டூ என்போம். கடல் உயிரினங்களின் குஞ்சுகளுக்கு இரையாகப் பாசி வளர்ப்பதற்கென்று ராபர்ட் கில்லார்ட் என்ற அமெரிக்கர் வகுத்த முறை. அவரும் ஜான் ரைதரும் 1962-ல் வெளியிட்ட 'எஃப்' கலவையைப் பாதியாக்கினால் அதுதான் எஃப்-பை-டூ. ஒரு லிட்டர் கடல்நீருக்கு சோடியம் நைட்ரேட் 75 மில்லிகிராம், சோடியம் பாஸ்பேட் 5 மில்லிகிராம், டயாட்டமாக இருந்தால் சோடியம் சிலிக்கேட் 30 மில்லிகிராம். இவற்றோடு இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, கோபால்ட், மாலிப்டினம் ஆகியவை துளியளவு. பி12, பி1, பயோட்டின் என்று மூன்று வைட்டமின்கள். இரும்பைத் தனியாகப் போட்டால் துருவாகித் தொட்டியடியில் படிந்துவிடும், இ.டி.டி.ஏ. என்ற உப்போடு பிணைத்துப் போட்டால்தான் பாசிக்கு எட்டும். சிலிக்கேட்டை மற்றதோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வேகவைத்தால் வெளியே எடுக்கும்போது தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் கலங்கியிருக்கும். அப்படிக் கலங்கினால் உள்ளே போட்ட சத்தில் ஒரு பகுதி இனிப் பாசிக்கு உதவாது. எடை சரியாக இருந்தும் பாசி வளரவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்த வரிசையில் ஊற்றினாய் என்றுதான் இன்றும் நான் முதலில் கேட்பேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பினாங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஒருநாள் நிறம் தங்கப் பழுப்பிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு இறங்கிய ஒரு ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"தம்பி, இதக் குஞ்சுக்குக் கொடுக்காதே. கொழுத்துப் போச்சு. சத்து இல்ல."

"கொழுத்தா நல்லதுதானே அண்ணே?"

"கொழுப்புத் தின்னா குஞ்சு தோல் கழட்டாது."

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளுக்கு முன் சீராகப் பழுப்பாக இருந்த செல்களுக்குள் கண்ணாடி மணிபோல் ஒளிரும் துளிகள். சிலிக்கேட் தீர்ந்திருந்தது. டயாட்டம் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டாமல் இரண்டாகப் பிரிய முடியாது. ஓடு கட்டச் சிலிக்கா இல்லை, வெயிலும் கார்பனும் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிய வழியில்லாத செல் வந்த கார்பனையெல்லாம் எண்ணெயாக்கி உள்ளே அடுக்கிக்கொள்கிறது.

தழைச்சத்தாகிய நைட்ரஜன் தீர்ந்தாலும் இதேதான் நடக்கும், காரணம் மட்டும் வேறு. புரதத்துக்கும் பச்சையத்துக்கும் மரபுப் பொருளுக்கும் நைட்ரஜன் வேண்டும்; எண்ணெய்க்கு வேண்டாம். அதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. எனவே நைட்ரஜன் நின்றதும் செல்லுக்குப் புதுப் புரதம் கட்ட வழியில்லை. இருக்கிற பச்சையத்தையும் உடைத்து அதிலுள்ள நைட்ரஜனை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. நிறம் வெளுப்பது இதனால்தான். குளோரெல்லா போன்ற பாசிகள் முதலில் மாவுச்சத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு எண்ணெய்க்குப் போகும். நான்னோகுளோராப்சிஸ் என்ற பாசி மாவுச்சத்துப் பக்கமே போகாமல் நேராக எண்ணெய்க்கு வந்துவிடும். அதனால்தான் எண்ணெய் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம்.

ஆனால் பெரியவர் சொன்னது இதைவிட ஆழமானது என்பது பின்னால்தான் விளங்கியது. கடல் குஞ்சுகளுக்கு மிகவும் தேவையான இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு, நான்னோகுளோராப்சிஸில் பெரும்பாலும் செல்லின் சவ்வுகளில் இருக்கிறது; சேமிப்புத் துளிகளில் கொஞ்சம்தான். பாசி பட்டினியில் பருத்துத் துளிகள் பெருகும்போது மொத்த எண்ணெய் கூடுகிறது, அதில் இ.பி.ஏ.யின் பங்கு சரிகிறது. பரிசோதனைக்கூடத் தாளில் எண்ணெய் இரட்டிப்பு என்று இருக்கும். குஞ்சுத் தொட்டியில் சாவு கூடியிருக்கும். எந்த எண்ணெய், யாருக்கு என்று கேட்காத எண்ணெய்க் கணக்கை அன்றிலிருந்து நான் நம்பியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்தது. புலி இறால் பண்ணைகள் அடுத்தடுத்து விழுந்தன. குஞ்சு வாங்க ஆளில்லாமல் எங்கள் பண்ணையும் மூடியது. நான் வளர்ப்புக் குளங்களில் தண்ணீர் பார்க்கும் வேலைக்குப் போனேன். இறால் விடுவதற்கு முன் குளத்துத் தண்ணீரை உரமிட்டுப் பச்சையாக்கவேண்டும். அதுதான் என் வேலை.

அங்கேதான் எங்கள் மண்ணின் குணத்தைத் தெரிந்துகொண்டேன். எங்கள் கோல லங்காட் மாவட்டக் கடலோரத்தில் பல இடங்கள் முன்பு அலையாத்திக் காடாக இருந்தவை. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அடியில் கிடக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. குளம் வெட்டிக் கரையில் மண்ணைக் கொட்டிக் காற்றுப் படவிட்டால் கந்தக அமிலமாக மாறும். காய்ந்த கரையில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். மழை பெய்யும்போது கரையிலிருந்து அமிலம் குளத்துக்குள் இறங்கும். கூடவே இரும்பும் அலுமினியமும். இந்த இரண்டும் மணிச்சத்தாகிய பாஸ்பரஸைக் கண்டால் விடாது, பிடித்து அடியில் அமுக்கிவிடும். மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட் போட்டும் தண்ணீர் கண்ணாடியாகவே நின்ற குளங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி உரக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கத்துவார். உரத்தில் குறையில்லை, பாசிக்கு வாய் எட்டுவதற்குள் மண் தின்றுவிட்டது. முதலில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கி, பாஸ்பேட்டை ஒரு பீப்பாயில் இரவெல்லாம் ஊறவைத்து, கரைந்த தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்பில் வீசினால் தண்ணீர் பச்சை கட்டும். கேரித்தீவுப் பக்கத் தோட்டங்களில் பழைய ஆட்கள் கால்வாய்த் தண்ணீரை இறங்கவிடாமல் மடை வைத்துக் காப்பதும் இதே பைரைட்டுக்குப் பயந்துதான்.

ஆகவே போட்ட அளவும் கிடைத்த அளவும் ஒன்றல்ல. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு என்ற விகிதத்தைக் கண்டார். எஃப்-பை-டூவில் அது ஏறக்குறைய 24-க்கு 1. புத்தகத்தில் படித்த பிள்ளைகள் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு உரம் நிறுப்பார்கள். நிறுப்பது தப்பில்லை. ஆனால் பாஸ்பேட் விஷயத்தில் பாசி கிடைக்கும்போதே வாரி உள்ளே சேர்த்துவைத்துக்கொள்ளும். தண்ணீரில் சோதித்தால் பூஜ்யம் காட்டும், பாசியோ சில தலைமுறைக்கு அந்தச் சேமிப்பிலேயே பிரிந்துகொண்டிருக்கும். நைட்ரஜனில் அப்படிப் பெரிய இருப்பு கிடையாது. அதனால்தான் எண்ணெய்க்காகப் பட்டினி போட நினைப்பவர்கள் எல்லாரும் நைட்ரஜனில் கை வைக்கிறார்கள், சீக்கிரம் பலிக்கிறது.

வெளிச்சத்தையும் சொல்லியாகவேண்டும். 2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் எங்கள் கரையை மூடியது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, ஆகஸ்ட் 11-ம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த நாட்களில் பாசிக்குளங்களில் அம்மோனியா குறையவே இல்லை. வழக்கமாக இரண்டு நாளில் தின்று தீர்க்கும் உரத்தைப் பாசி தொடாமல் வைத்திருந்தது. பாசி வளரவில்லை, இன்னும் உரம் போடு என்று மேலிருந்து உத்தரவு வந்த இடங்களும் உண்டு. வெயில் இல்லாதபோது போடும் உரம் பாசிக்குப் போகாது, பாக்டீரியாவுக்கும் நச்சுக்கும்தான் போகும். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று லீபிக் 19-ம் நூற்றாண்டிலேயே பரப்பிய விதியை அந்தப் புகையில் நாங்கள் கண்ணால் பார்த்தோம். புகை இல்லாத மாதங்களிலும் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடிவிடுகிறது, மாலையில் கொட்டுகிறது. பாலைவனத்துக் குளத்தின் விளைச்சல் எண்ணை இங்கே கொண்டுவந்து திட்டம் போடுவது வீண்.

அதற்கடுத்து நான் செம்பனை ஆலைக் கழிவுக்குளங்களுக்கு வந்தேன். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். குலையை அவித்துப் பிழிந்த பிறகு வரும் தண்ணீர் 80 டிகிரிச் சூட்டில், அடர் பழுப்பில், அமிலமாக வெளியே வருகிறது. அதன் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கு மக்கும்போது தண்ணீரிலுள்ள உயிர்வளியை எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை போகும். எழுபதுகளில் இது நேராக ஆற்றில் கலந்தது. 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. முதலில் 5,000 வரை விடலாம் என்று தொடங்கிப் படிப்படியாக இறுக்கி 1984-ல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகள் வரிசையாகக் குளம் வெட்டி, காற்றில்லாக் குளத்தில் மக்கவைத்து, அடுத்தடுத்த குளங்களில் தெளியவைப்பது அப்படித்தான் வழக்கமானது. கடைசிக் குளங்கள் தாமாகவே பச்சை கட்டும். யாரும் விதைக்கவில்லை, குளோரெல்லாவும் யூக்லினாவும் காற்றிலும் மழையிலும் வந்து சேர்ந்தவை.

நம் நாட்டில் இதைக் கூர்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாங் சியூ மொய் ரப்பர், செம்பனை ஆலைக் கழிவுநீரில் பாசி வளர்ப்பதை எண்பதுகளிலிருந்தே ஆராய்ந்தார். அங்கே உள்ளூர்ப் பாசிகளின் சேகரிப்பும் உருவானது. ரப்பர்ப் பால் கெட்டிப்படாமலிருக்க அம்மோனியா சேர்ப்பதால் அந்தக் கழிவில் நைட்ரஜன் மிகுந்திருக்கும். செம்பனைக் கழிவிலும் லிட்டருக்கு ஏறக்குறைய 750 மில்லிகிராம் நைட்ரஜன். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் உரம், இங்கே ஓட்டைக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தத் துறைமேல் பற்று வந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு எண்ணெய் ஜுரம் வந்தது. 2007-ல் யூசுஃப் சிஸ்டி எழுதிய கட்டுரை ஒன்று எல்லார் கையிலும் இருந்தது. அதில் ஓர் அட்டவணை: செம்பனை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5,950 லிட்டர், எண்ணெய் 30 சதவீதமுள்ள நுண்பாசி 58,700 லிட்டர், 70 சதவீதமுள்ளது 1,36,900 லிட்டர். செம்பனைக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு அந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் முதலாளி ஒருவர் எங்களைக் கூட்டிப்போய் ஒரு ஏக்கருக்கும் குறைவான இடத்தில் துடுப்புச் சக்கரம் வைத்த ஓடைக்குளங்கள் கட்டச் சொன்னார். 70 சதவீதப் பாசியைக் கொண்டுவா என்றார்.

70 சதவீதம் வரும். அந்த அளவுக்குப் பட்டினி போடவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி எண்ணெய்க்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் நடத்தியது. நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற ஊரில் 1,000 சதுர மீட்டர்க் குளங்கள் கட்டிப் பார்த்தார்கள். 1998-ல் வந்த அதன் நிறைவு அறிக்கையில் நாங்கள் தொட்டியில் கண்டதே எழுதியிருக்கிறது: சத்தை நிறுத்தினால் செல்லுக்குள் எண்ணெயின் பங்கு கூடுகிறது, ஆனால் வளர்ச்சி அதைவிட அதிகமாக விழுவதால் மொத்த எண்ணெய் விளைச்சல் கூடவில்லை.

குளக்கரையில் ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. நன்றாக உண்ட பாசி ஒரு சதுர மீட்டரில் நாளைக்கு 20 கிராம் தருகிறது, அதில் எண்ணெய் 20 சதவீதம் என்று வையுங்கள். எண்ணெய் 4 கிராம். பட்டினி போட்ட பாசியில் எண்ணெய் 40 சதவீதம், ஆனால் நாளைக்கு 8 கிராம்தான் வளர்கிறது, எண்ணெய் 3.2 கிராம். சதவீதம் இரட்டிப்பு, வருமானம் நஷ்டம். இதற்குமேல் அந்தப் பட்டினி நாட்களில் குளம் வெளுத்து, வெயில் அடிவரை ஊடுருவி வீணாகிறது. பலவீனமான பாசிக்கு எதிரிகளும் வருகிறார்கள். ரோட்டிஃபர் என்ற நுண்பூச்சி நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் குளத்தைத் தெளிந்த தண்ணீராக்கிவிடும். காலையில் ஒரு குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெள்ளைத் தூசியாய்த் துள்ளும். அதை அடக்க நாங்கள் அம்மோனியாவையே பயன்படுத்தியிருக்கிறோம். கார அமிலநிலை (பி.எச்.) 9-ஐத் தாண்டும் மத்தியானத்தில் தண்ணீரிலுள்ள அம்மோனியத்தில் பெரும் பங்கு வாயு அம்மோனியாவாக மாறும். அளவோடு இருந்தால் பாசி தாங்கும், ரோட்டிஃபர் தாங்காது. உரமே மருந்தாகும் இடம் இது. ஆனால் பட்டினிக் குளத்தில் இந்த மருந்தைப் போட்டால் பட்டினி முறிந்துவிடும், எண்ணெய் போச்சு.

நாங்கள் கடைசியில் வந்து நின்றது இரண்டு கட்ட முறை. முதல் குளத்தில் வயிறார உணவு கொடுத்து அடர்த்தியாக வளர்த்து, நைட்ரேட் தானாகத் தீரும் கட்டத்தில் இரண்டாம் குளத்துக்கு மாற்றி, சில நாள் மட்டும் வெயிலில் வைத்து அறுவடை செய்வது. அதிலும் எந்த நாளில் எடுப்பது என்பதில்தான் விஷயம். நைல் ரெட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எண்ணெய்த் துளிகள் மஞ்சள் பொன்னாக ஒளிரும். முதல் நாள் ஊசிமுனைபோல் ஒன்றிரண்டு, பிறகு செல்லின் பாதி, பிறகு செல்லே ஒரு துளி. பார்க்க அழகாக இருப்பது மூன்றாவது கட்டம். லாபம் இரண்டாவது கட்டத்தில்.

உரச் செலவை அந்த அட்டவணைகள் சொல்வதில்லை. நன்றாக உண்ட பாசியின் உலர் எடையில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன். அதில் 20 சதவீதம் எண்ணெய் என்றால் 1 டன் எண்ணெய்க்கு 5 டன் பாசி, 350 கிலோ நைட்ரஜன். செம்பனையில் 1 டன் எண்ணெய்க்கு 5 டன் குலை. குலையோடு தோட்டத்தை விட்டுப் போகும் நைட்ரஜன் 15 கிலோ அளவுதான். மரத்துக்கு எண்ணெய் பழத்தில் இருக்கிறது, பச்சையமும் புரதமும் ஓலையிலேயே தங்கிவிடுகின்றன. பாசிக்கோ உடம்பே அறுவடை. பட்டினி போட்ட பாசியில் நைட்ரஜன் பாதியாகக் குறையும் என்பதால் இந்தச் செலவு கணிசமாக இறங்கும், அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பட்டினி முறைக்கு உண்மையான நியாயம் உரத்தை மிச்சப்படுத்துவதில்தான் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை. 2021, 2022-ல் யூரியா விலை ஏறியபோது இதைப் புரியவைக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

அப்படியானால் ஆலைக் கழிவுநீரில் வளர்த்தால் உரம் இலவசமாயிற்றே என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் இடத்தையும் கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 800 கன மீட்டர் கழிவுநீர் வரும். அதிலுள்ள நைட்ரஜன் முழுவதும் பாசிக்குக் கிடைத்தால் நாளுக்கு 8 டன்னுக்கு மேல் பாசி. சதுர மீட்டருக்கு 20 கிராம் என்றால் அதற்கு 40 ஹெக்டேருக்கு மேல் குளம் வேண்டும். எந்த ஆலைக்குப் பக்கத்தில் 40 ஹெக்டேர் சும்மா கிடக்கிறது? மேலும் மக்கிய பிறகும் அந்தப் பழுப்பு நிறம் போகாது. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் இறங்காது. நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் நிறம் குறையும், சத்தும் குறையும், குளத்தின் பரப்பு இன்னும் பெருகும்.

நல்ல தண்ணீருக்கும் 2018-ல் எங்கள் ஊரில் சோதனை வந்தது. சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அந்தக் குப்பை மலேசியாவின் பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றி அனுமதியில்லாத பிளாஸ்டிக் ஆலைகள் டஜன் கணக்கில் முளைத்தன. இரவில் எரித்த புகையில் பிள்ளைகள் இருமினார்கள். ஊர்மக்கள் விடாமல் புகார் கொடுத்து, செய்தி உலகப் பத்திரிகைகள்வரை போய், அரசு பல ஆலைகளை மூடியது. அந்த மாதங்களில் நாங்கள் கால்வாய்த் தண்ணீரை எடுப்பதை நிறுத்திவிட்டு மழைநீரைத் தேக்கிப் பயன்படுத்தினோம். சத்து எவ்வளவு துல்லியமாக நிறுத்துப் போட்டாலும் தண்ணீரில் வேறு என்ன வருகிறது என்று தெரியாவிட்டால் முடிவை எதற்கும் சாட்சியாக வைக்க முடியாது.

பெரிய கம்பெனிகளின் கதையும் எங்கள் குளத்துக் கதையைப் போலத்தான் ஓடியது. எக்ஸான்மோபில் 2009-ல் சிந்தெடிக் ஜினோமிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இறங்கியது. 2017-ல் நான்னோகுளோராப்சிஸில் ஒரு மரபணுவின் வேகத்தைக் குறைத்து, வளர்ச்சி பெரிதாகக் குறையாமலே எண்ணெயை 20 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் ஏற்றிக் காட்டினார்கள். நைட்ரஜன் பட்டினியின்போது எந்தெந்தக் கட்டுப்பாட்டு மரபணுக்கள் அடங்குகின்றன என்று தேடித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவை முழுவதும் முடக்கியபோது பாசி சரியாக வளரவில்லை. பாதி அடக்கியபோதுதான் பலன் கிடைத்தது. நல்ல விஞ்ஞானம் அது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனாலும் 2023 தொடக்கத்தில் எக்ஸான்மோபில் பாசியிலிருந்து விலகிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சரவாக்கில் கூச்சிங் பக்கம், நிலக்கரி மின்நிலையத்தின் புகையிலுள்ள கரியமிலவாயுவைக் கொண்டு 5 ஹெக்டேரில் பாசி வளர்க்கும் நிலையத்தை ஜப்பானின் சிட்டோசே நிறுவனம் திறந்தது. நம் வெயிலிலும் மழையிலும் அந்த அளவில் என்ன விளைகிறது என்பதை இனி நாமே பார்க்கலாம்.

எங்கள் தவுக்கேயின் ஓடைக்குளங்களில் இப்போது எண்ணெய்க்காக யாரும் பாசியைப் பிழிவதில்லை. லிட்டருக்கு அரை கிராம் பாசியுள்ள தண்ணீரில் 1 டன்னை வடிகட்டிக் கிடைக்கும் அரைக் கிலோவை உலர்த்தி, அதிலிருந்து எண்ணெயை இழுத்தால், 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோதும் கட்டுப்படியாகவில்லை. அதே பாசியைப் பட்டினி போடாமல், இ.பி.ஏ. குறையாத பருவத்தில், கெட்டியான பசையாக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் குஞ்சுப்பண்ணைக்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். ஆலைக் கழிவுக்குளத்துப் பாசியை அப்படிக் கொடுப்பதில்லை. அது தண்ணீரிலுள்ள நைட்ரஜனை உறிஞ்சி ஆற்றைக் காக்கும் வேலைக்கு மட்டும், அறுத்ததும் தோட்டத்து மண்ணுக்கே திரும்புகிறது.

வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் முதல் மாதம் எண்ணெயைப் பற்றிப் பேசுவதே இல்லை. தினமும் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட், கார அமிலநிலை, செல் எண்ணிக்கை, நேற்றைய மழை ஆகியவற்றை நோட்டில் எழுதச் சொல்வேன். அம்மோனியா இருக்கும்வரை பாசி நைட்ரேட்டைத் தொடாது என்பதை அந்த நோட்டிலேயே அவர்கள் கண்டுபிடிப்பார்கள். பிறகு உரம் போடுவது எந்த நாளில் என்று அவர்களையே சொல்லச் சொல்வேன்.